கால் விரலில் தொடங்கி மூச்சு வரை: ஜிபிஎஸ் நோயும் நம் நரம்பு மண்டலமும்

2025 ஜனவரியில் புனே நகரின் சிம்ஹகட் சாலைப் பகுதியில் அடுத்தடுத்துப் பலருக்குக் கை கால் செயலிழந்தது. நாந்தேட் காவ், கிர்கட்வாடி, தாயரி என்று பக்கத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து நோயாளிகள் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பிப்ரவரி முடிவதற்குள், சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. சிலர் இறந்தும் போனார்கள். நோயின் பெயர் கில்லன் பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜிபிஎஸ்.

அந்தச் செய்திகளைத் தொடர்ந்து படித்த பலருக்கும் குழப்பம்தான் மிஞ்சியது. வயிற்றுப்போக்குக்குப் பிறகு வருகிறது என்றார்கள், ஆனால் வயிற்று நோய் இல்லையாம். கை கால் விழுந்துவிடுகிறது, ஆனால் பக்கவாதம் இல்லையாம். கிருமிதான் காரணம், ஆனால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாதாம். வென்டிலேட்டர் வைக்கிறார்கள், நுரையீரலில் எந்தக் கோளாறும் இல்லையாம். முகத்தைக்கூட அசைக்க முடியாத நோயாளிக்கு நினைவு மட்டும் தெளிவாக இருக்குமாம்.

இவை அத்தனையும் உண்மை. நம் உடம்பில் நரம்புகள் எங்கே தொடங்கி எங்கே போகின்றன, எது எதை இயக்குகிறது என்று தெரிந்துகொண்டால், இந்த நோயின் ஒவ்வொரு அறிகுறிக்கும் இடம் காட்டிவிடலாம். ஆகவே முதலில் நரம்பு மண்டலத்தைப் பார்ப்போம், அப்புறம் நோய்க்கு வருவோம்.

மையம் எது, புறம் எது?

நரம்பு மண்டலத்துக்கு இரண்டு பெரும் பகுதிகள்.

1. மைய நரம்பு மண்டலம். இதில் மூளையும் தண்டுவடமும் அடங்கும். வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடை. அதில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள், அதாவது நியூரான்கள் இருக்கின்றன. மூளையின் அடியிலிருந்து இறங்கும் தண்டுவடம் சுண்டுவிரல் பருமனில், 45 செ.மீ. அளவுக்கு நீண்டிருக்கிறது. முதுகெலும்புக்குள் இருந்தாலும் அதன் அடி வரை இது போவதில்லை. இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

2. புற நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகளும் தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகளும் வெளியே வந்து, கிளை பிரிந்து, தோல், தசை, இதயம், குடல் என்று எல்லா இடத்துக்கும் போகின்றன. (கையில் தோலுக்கடியில் பச்சையாகப் புடைத்துத் தெரிபவை இரத்தக் குழாய்கள். இங்கே பேசுவது அவற்றைப் பற்றி இல்லை.)

இரத்தத்தில் சுற்றும் பொருள்கள் நினைத்தபடி உள்ளே புகாமல் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வலுவான ஒரு தடுப்பு இருக்கிறது. புற நரம்புகளுக்கும் அப்படி ஒன்று உண்டு. ஆனால் இரண்டு இடங்களில் அது பலவீனமானது. ஒன்று, தண்டுவடத்தை விட்டு நரம்பு கிளம்பும் வேர்ப் பகுதி. மற்றொன்று, தசையில் போய் முடியும் நுனி.

ஜிபிஎஸ் புற நரம்புகளைத் தாக்கும் நோய். மூளையையும் தண்டுவடத்தையும் அது தொடுவதில்லை. கிட்டத்தட்ட எல்லாக் குழப்பங்களும் இந்த இடத்திலிருந்துதான் தெளியத் தொடங்கும்.

ஒரு நியூரானை நெருங்கிப் பார்த்தால்

கால் கட்டைவிரலை அசைக்கும் ஒரு நியூரானை எடுத்துக்கொள்வோம். அதன் உடல் பகுதி தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் அதிலிருந்து கிளம்பும் ஆக்ஸான் என்னும் இழை, இடுப்பு, தொடை, முழங்கால் வழியாகப் பாதம் வரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஓடுகிறது. ஒரே செல்லின் நீளம் அது! இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்த கட்டுதான் நாம் நரம்பு என்று சொல்வது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பு கிட்டத்தட்டக் கட்டைவிரல் பருமன் இருக்கும்.

ஆக்ஸான் வெறுமையாக ஓடுவதில்லை. ஷ்வான் செல்கள் எனப்படும் துணைச் செல்கள் வரிசையாக அமர்ந்து, ஒவ்வொன்றும் ஆக்ஸானின் ஒரு சிறு நீளத்தைப் பல சுற்றுகளாகச் சுற்றிக்கொள்கின்றன. கொழுப்பு நிறைந்த இந்தச் சுற்றுதான் மயலின் உறை. பருமனான ஆக்ஸான்களில் ஒரு துண்டின் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே மயலின் இல்லாத நுண்ணிய இடைவெளி உண்டு. அதற்கு ரான்வியர் கணு என்று பெயர். அப்படியானால் இடுப்பிலிருந்து பாதம் வரை ஓடும் ஒற்றை ஆக்ஸானில் ஆயிரம் துண்டு மயலின் இருக்கிறது.

எதற்கு இவ்வளவு ஏற்பாடு? வேகத்துக்காக. சும்மா இருக்கும் நியூரானின் உட்புறம் வெளிப்புறத்தைவிட 70 மில்லிவோல்ட் அளவுக்கு எதிர்மின் தன்மையோடு இருக்கும். தூண்டப்பட்டதும் வெளியே இருக்கும் சோடியம் அயனிகள் உள்ளே பாய, அந்த இடத்தில் மின்நிலை ஒரு கணம் தலைகீழாகிறது. அது பக்கத்து இடத்தைத் தூண்ட, மாற்றம் முன்னோக்கி நகர்கிறது. இதுதான் நரம்புச் சைகை. மயலின் இல்லாத இழையில் இந்த மாற்றம் ஒவ்வொரு புள்ளியிலும் நடந்தாக வேண்டும். ஆகவே வேகம் வினாடிக்கு அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர்தான். மயலின் உள்ள இழையில் கணுக்களில் மட்டும் நடந்தால் போதும். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் பாசஞ்சர் ரயிலுக்கும் ஜங்ஷன்களில் மட்டும் நிற்கும் எக்ஸ்பிரஸுக்கும் உள்ள வித்தியாசம் இது. பருமனான இழைகளில் வினாடிக்கு 120 மீட்டர் வரை வேகம் கிடைக்கிறது.

நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1850-இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் கால் நரம்பில் அளந்து, வினாடிக்குச் சுமார் 30 மீட்டர்தான் என்று காட்டினார். அன்று அவர் தவளையில் செய்த வேலையைத்தான் இன்று ஜிபிஎஸ் நோயாளியின் காலில் மருத்துவர்கள் ஒரு கருவி வைத்துச் செய்கிறார்கள்.

மயலின் அழிந்தால் என்ன ஆகும்? சைகை வழியிலேயே தேய்கிறது, தாமதமாகிறது, மோசமான இடத்தில் அடியோடு நின்றுவிடுகிறது. ஆனால் ஆக்ஸான் உயிரோடுதான் இருக்கிறது. செல்லின் உடல் தண்டுவடத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. நோயாளி மீண்டும் எழுந்து நடப்பதற்கான வாய்ப்பு முழுக்க இந்த உண்மையில்தான் இருக்கிறது.

புற நரம்புகளின் மூன்று வேலைகள்

1. உணர்வு. தொடுதல், வலி, சூடு ஆகியவற்றை உள்ளே கொண்டுபோவது. கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கால் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதே, அந்தத் தகவலும் இதில் சேரும்.

2. இயக்கம். தண்டுவடத்திலிருந்து தசைக்கு ஆணை போவது. ஆக்ஸானின் நுனி தசையைத் தொடும் இடத்தில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, தசை சுருங்குகிறது.

3. தன்னியக்கம். நாம் நினைக்காமலே நடப்பவை. இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், வியர்வை, குடல் அசைவு, சிறுநீர்ப்பை.

முதல் இரண்டும் தண்டுவடத்திலேயே சந்தித்துக்கொள்ளும் குறுக்கு வழி ஒன்று உண்டு. மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டியதும் கால் துள்ளுவது அதனால்தான். தட்டிய செய்தி உணர்வு நரம்பு வழியே தண்டுவடத்துக்குப் போய், அங்கிருந்தே இயக்க நரம்பு வழியே திரும்புகிறது. மூளையைக் கேட்பதில்லை. போகும் வழியிலோ வரும் வழியிலோ நரம்பு கெட்டால் கால் துள்ளாது.

உடம்பு தன் நரம்பையே தாக்குவது ஏன்?

புனே நோயாளிகள் பலரின் மல மாதிரியில் கேம்பிலோபாக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியா கிடைத்தது. அசுத்தமான தண்ணீர், சரியாக வேகாத கோழிக்கறி ஆகியவற்றில் பரவுவது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும், பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும்.

சிக்கல் அதற்கப்புறம் வருகிறது. இந்தப் பாக்டீரியாவின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு சர்க்கரை அமைப்பு, நம் நரம்பின் மேற்பரப்பில் இருக்கும் கேங்கிலியோசைடு என்ற பொருளை அச்சாக ஒத்திருக்கிறது. பாக்டீரியாவை ஒழிக்க உடல் தயாரித்த எதிர்ப்புரதங்கள், கிருமி போன பிறகும் இரத்தத்தில் சுற்றுகின்றன. தடுப்பு பலவீனமான வேரிலும் நுனியிலும் புகுந்து, நரம்பையும் அதே கிருமி என்று எடுத்துக்கொண்டு தாக்குகின்றன. சிலருக்கு மயலின் சேதமாகிறது. சிலருக்குக் கணுப் பகுதியில் ஆக்ஸானே அடி வாங்குகிறது. இந்த இரண்டாம் வகை 1990-களின் தொடக்கத்தில் வட சீனாவின் குழந்தைகளிடம் அதிகம் காணப்பட்டது. கேம்பிலோபாக்டரோடு நெருங்கிய தொடர்புடையதும் அதுதான்.

பயப்படுவதற்கு முன் ஓர் அளவையும் மனத்தில் வைக்க வேண்டும். கேம்பிலோபாக்டர் தொற்றியவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவானவருக்கே ஜிபிஎஸ் வருகிறது. சாதாரணக் காலத்தில் ஓராண்டில் ஒரு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும் நோய் இது. இந்தக் கிருமி மட்டுமே காரணமும் இல்லை. ஃப்ளூ, ஜிக்கா போன்ற வைரஸ் தொற்றுகளுக்குப் பிறகும் வரும்.

அறிகுறிகள் எங்கிருந்து வருகின்றன?

1. கால் விரல்களில் மதமதப்பு. மிக நீளமான ஆக்ஸான்கள் பாதத்துக்குப் போகின்றன. நீளம் கூடினால் சேதமடையக்கூடிய துண்டுகளும் கூடும். அதனால் பொதுவாகக் காலில் தொடங்கி மேலே ஏறுகிறது.

2. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. எதிர்ப்புரதம் இரத்தத்தில் சுற்றுவதால் இடது, வலது என்று பார்ப்பதில்லை.

3. முதுகு வலி, தொடை வலி. நரம்பு வேர்கள் வீங்குவதால் வருவது. பளு தூக்கியதால் வந்த வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

4. நடக்க முடியாது, ஆனால் கிள்ளினால் வலிக்கும். வலியையும் சூட்டையும் கொண்டுபோகும் இழைகளில் பெரும்பாலானவற்றுக்கு மயலின் இல்லை. அழிய வேண்டிய உறையே இல்லாததால் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

5. முகம் தொங்குவது, விழுங்க முடியாமை. மூளையிலிருந்து நேராக வரும் நரம்புகளும் புற நரம்புகள்தான். முகத்தை அசைக்கும் 7-ஆம் ஜோடி, தொண்டையை இயக்கும் 9, 10-ஆம் ஜோடிகள் தாக்கப்படும்போது இது நேர்கிறது.

6. மூச்சு. கழுத்துப் பகுதியின் 3, 4, 5-ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்து கிளம்பும் ஃபிரெனிக் நரம்பு, மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானத்தை இயக்குகிறது. அது படுத்துவிட்டால் நுரையீரல் நன்றாக இருந்தும் காற்றை இழுக்க ஆளில்லை. நோயாளிகளில் நாலில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வென்டிலேட்டர் தேவைப்படுவது இதனால்தான்.

7. இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் தாறுமாறாக ஏறி இறங்குவது. இது தன்னியக்க நரம்புகளின் பாதிப்பு. வெளியே தெரியாத ஆபத்து இது.

8. தெளிந்த நினைவு. மூளை தொடப்படவே இல்லை. கண் இமையைக்கூடத் தூக்க முடியாமல் வென்டிலேட்டரில் படுத்திருப்பவருக்குப் பக்கத்தில் பேசுவது காதில் விழுகிறது, புரிகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரிடம் பேச வேண்டும். என்ன செய்யப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். அவரைப் பற்றிய நம்பிக்கையற்ற பேச்சை அவர் தலைமாட்டில் நின்று பேசக் கூடாது.

ஆறாவது புள்ளியில் இன்னொன்று சொல்ல வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் ஆக்சிமீட்டர் இருக்கிறது. விரலில் மாட்டினால் 98 காட்டுகிறது, ஆகவே மூச்சுக்கு ஆபத்தில்லை என்று இந்த நோயில் நம்பக் கூடாது. தசை தளரத் தளர, மூச்சு குறுகிக்கொண்டே வரும்போதும் ஆக்சிஜன் எண் கடைசி வரை நன்றாகவே காட்டும். அது இறங்கும்போது நேரம் கடந்திருக்கும். மருத்துவர்கள் படுக்கையருகே செய்யும் எளிய சோதனை வேறு. ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார்கள். நல்ல உடல்நிலையில் இருப்பவர் 40, 50 வரை போவார். 20-ஐத் தொட முடியாமல் திணறினால் நிலைமை கவலைக்குரியது. காலையில் 35 வரை எண்ணியவர் மாலையில் 22-இல் நின்றால் அந்தச் சரிவே எச்சரிக்கைதான்.

எப்படி உறுதி செய்கிறார்கள்?

முதல் சான்று அந்தச் சிறு சுத்தியல்தான். கால் தளர்ந்து, முழங்கால் அனிச்சைத் துள்ளலும் மறைந்திருந்தால் புற நரம்பைச் சந்தேகிப்பார்கள். அப்புறம் இரண்டு சோதனைகள்.

1. நரம்புக் கடத்தல் சோதனை. தோலின் மேல் சிறு மின்தூண்டல் கொடுத்து, சைகை அடுத்த புள்ளியை அடையும் நேரத்தை அளப்பது. காலில் வினாடிக்கு 40 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டியது கணிசமாகக் குறைந்திருந்தால் மயலின் சேதம். வேகம் சரியாக இருந்து சைகையின் அளவு மட்டும் சிறுத்திருந்தால் ஆக்ஸான் சேதம்.

2. தண்டுவட நீர் சோதனை. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது என்று பார்த்தோமே, அதற்குக் கீழே ஊசி போட்டு நீர் எடுப்பதால் தண்டுவடத்தில் குத்துமோ என்ற பயம் வேண்டாம். ஜிபிஎஸ்ஸில் அந்த நீரில் புரதம் கூடியிருக்கும், வெள்ளணுக்கள் கூடியிருக்காது. 1916-இல் முதல் உலகப் போரின்போது இரண்டு பிரெஞ்சுப் படைவீரர்களிடம் இதைக் கவனித்து எழுதியவர்கள் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று மருத்துவர்கள். அந்த வீரர்கள் குணமானார்கள். ஸ்ட்ரோலின் பெயர் மட்டும் வழக்கில் விட்டுப்போனது.

இரண்டு சோதனைகளுமே முதல் வாரத்தில் இயல்பாக வரக்கூடும். அறிகுறிகள் தெளிவாக இருந்தால் முடிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில்லை.

பக்கவாதமா? போலியோவா?

பக்கவாதத்தில் கோளாறு மூளையில். ஆகவே பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கம், நொடிகளில் விழும். ஜிபிஎஸ் இரு பக்கமும், சில நாட்களில் ஏறும்.

போலியோ வைரஸ் தண்டுவடத்துக்குள் இருக்கும் இயக்க நியூரானின் உடலையே கொல்கிறது. உணர்வு கெடாது, பொதுவாக ஒரு கால் மட்டும் சூம்பும், காய்ச்சலோடு தொடங்கும். செல்லே செத்துவிடுவதால் அந்த நியூரான் திரும்பாது. இந்தியாவில் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டார். ஆனாலும் 15 வயதுக்குக் கீழ் உள்ள எந்தக் குழந்தைக்குத் திடீரெனக் கை கால் தளர்ந்தாலும், ஜிபிஎஸ் என்று மருத்துவர் உறுதியாக நினைத்தாலும்கூட, சுகாதாரத் துறைக்குத் தகவல் போகும், மல மாதிரி இரண்டு முறை எடுப்பார்கள். பெற்றோர் இதைக் கண்டு பதற வேண்டாம். போலியோ திரும்பவில்லை என்பதை நாடு தொடர்ந்து உறுதிசெய்துகொள்ளும் முறை அது.

சிகிச்சையும் மீட்சியும்

எதிர்ப்புரதங்களை அடக்குவதே சிகிச்சை. வழி இரண்டு. பிளாஸ்மா மாற்றத்தில், இரத்தத்தை வெளியே எடுத்து, எதிர்ப்புரதம் உள்ள நீர்ப்பகுதியைப் பிரித்துவிட்டு, செல்களை மாற்றுத் திரவத்தோடு திருப்பி ஏற்றுவார்கள். இம்யூனோகுளோபுலின் சிகிச்சையில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த எதிர்ப்புரதங்களை ஐந்து நாட்கள் ஏற்றுவார்கள். நரம்பைத் தாக்கும் எதிர்ப்புரதங்களை இவை அடக்கும். உடல் எடையில் கிலோவுக்கு மொத்தம் 2 கிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 கிராம். செலவு மலைக்க வைப்பது இதனால்தான். பலனில் இரண்டும் சமம். ஆகவே இம்யூனோகுளோபுலின் வாங்க முடியவில்லையே என்று ஒரு குடும்பம் குற்ற உணர்ச்சியில் தவிக்க வேண்டியதில்லை. பிளாஸ்மா மாற்றம் இரண்டாந்தர சிகிச்சை இல்லை. ஸ்டீராய்டு மட்டும் கொடுப்பதால் இந்த நோயில் பலன் இல்லை என்பது ஆய்வுகளில் நிரூபணமானது.

இரண்டு சிகிச்சைகளும் தாக்குதலை நிறுத்தத்தான் உதவும், நரம்பைச் செப்பனிடாது. அதை உடல்தான் செய்ய வேண்டும். ஷ்வான் செல்கள் மீண்டும் மயலின் சுற்ற வாரங்கள், மாதங்கள் ஆகும். ஆக்ஸானே அறுந்திருந்தால் அது வளர்வது நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். முழங்காலிலிருந்து பாதம் வரை 40 செ.மீ. என்று வைத்தால், ஓராண்டுக்கு மேல். அதுவரை மூட்டு இறுகாமல், தசை சுருங்காமல் காப்பது பிசியோதெரபி. ஆறு மாதத்தில் நூற்றுக்கு 80 பேர் துணையில்லாமல் நடக்கிறார்கள். நல்ல சிகிச்சை கிடைத்தும் நூற்றுக்கு 5 பேர் அளவில் இறக்கிறார்கள்.

தொற்றுமா? தடுப்பூசியால் வருமா?

நோய் தொற்றாது. நோயாளியைத் தொடலாம், உடனிருந்து கவனிக்கலாம். அதற்கு முன் வந்த வயிற்றுக் கிருமிதான் பரவக்கூடியது, அதுவும் தண்ணீர், உணவு, கழுவாத கை வழியாக.

தடுப்பூசி பற்றிய அச்சத்துக்கு 1976-இல் ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் அந்த ஆண்டு போட்ட பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியால் லட்சத்தில் ஒருவர் என்ற அளவில் ஜிபிஎஸ் கூடியது. திட்டம் நிறுத்தப்பட்டது. ஆனால் ஃப்ளூ நோயே ஜிபிஎஸ்ஸைக் கொண்டுவரும், அந்த ஆபத்து ஃப்ளூ தடுப்பூசியின் ஆபத்தைவிடப் பெரியது.

வீட்டில் செய்ய வேண்டியவை அடுப்படியோடு சம்பந்தப்பட்டவை. குளோரின் கலக்காத தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். கோழிக்கறியை உள்ளே சிவப்பு மறையும் வரை வேகவைக்க வேண்டும். கறியைக் குழாயடியில் வேகமாகக் கழுவினால் தெறிக்கும் நீரில் கிருமி பக்கத்துப் பாத்திரங்களுக்குப் போகும். கறி வெட்டிய கத்தியும் பலகையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாலட்டுக்கு வெங்காயம், வெள்ளரிக்காய் நறுக்க வரக் கூடாது.

வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து ஆறு வாரத்துக்குள், இரண்டு பாதங்களிலும் மதமதப்பு வந்து மாடிப்படி ஏறச் சிரமமானால், சத்துக் குறைவு என்று பி-12 ஊசி போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். அன்றைக்கே, வென்டிலேட்டர் வசதி உள்ள மருத்துவமனைக்கு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் அங்கேயே, போக வேண்டும். கால் வலிக்கு வந்த இடத்தில் போன மாதத்து வயிற்றுப்போக்கைச் சொல்ல யாருக்கும் தோன்றாது. மருத்துவர் கேட்காவிட்டாலும் அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.